சாக்கைக் கழித்த எடை

துளசிமணி இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கம்பெனித் தொலைபேசியில் வந்தது. அன்னூரிலிருந்து அவருடைய மகள் பேசினார். "அம்மா போயிட்டாங்க சார்" என்றவர், மூச்சை இழுத்துக்கொண்டு, "ஒம்பதே முக்காலுக்குங்க" என்று நேரத்தையும் சொன்னார். அந்த வீட்டில் எதையும் தோராயமாகச் சொல்லும் பழக்கம் கிடையாது. ரிசீவரை வைத்துவிட்டுப் பணிக்கூடத்துக்கு வந்தேன். ஆறாவது விமானத்தில் கருவியைத் தாங்கும் கடைசித் தட்டுகள் மேசைமேல் தயாராக இருந்தன. அவற்றை எடை பார்க்க வேண்டியவர் அன்னூரில் கிடத்தப்பட்டிருந்தார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதல்ல. பிறகு சேர்ந்தவர்களுக்கு அவர் 'எடையம்மா' என்ற பட்டப்பெயராக மட்டுமே தெரியும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அதைக் கேலியாகத்தான் வைத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் எங்கள் சிறிய கம்பெனிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. விமானப்படையின் பழைய குண்டுவீச்சு விமானங்கள் ஆறு. அவற்றைச் செய்த வெளிநாட்டுக்காரர்கள் அந்த வகையையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மூக்கில் இருந்த வழிகாட்டும் கருவி வால்வு ரேடியோ காலத்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதுக் கருவியைப் பொருத்த வேண்டும். அதற்கான தட்டுகளையும் தாங்கிகளையும் வரைந்து, செய்து, கோவைக்கு வெளியே ஒரு விமானத்தளத்துக் கொட்டகையில் நாங்களே பொருத்திக் கொடுக்க வேண்டும். வரைந்தவன் நான். எடையும் சமநிலையும் பார்க்க வந்தவர் துளசிமணி.

"எதுக்குங்க இந்தக் கெழட்டுப் பிளேனுக்கு இத்தன செலவு?" என்று பணிக்கூடத்தில் யாரோ கேட்டார்கள். துளசிமணி தலையை நிமிர்த்தவில்லை. "கெணத்து மோட்டாரு பழசாச்சுன்னு கெணத்தையா மூடிப்போடறோம்? காயிலுக்குப் புதுக் கம்பி சுத்தி ஓட்டறோமில்லீங்க?" என்றார். ஆறு விமானங்களின் வேலை முழுவதையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். பழையது என்று எதன்மேலும் அவருக்கு இளக்காரம் இருந்ததில்லை.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. பழைய கருவியும் தாங்கியும் சேர்ந்து தொண்ணூற்று நான்கு கிலோ. நான் வரைந்த தட்டோடு புதுக் கருவி முப்பத்தொன்று. முதல் கூட்டத்திலேயே அறுபத்து மூன்று கிலோவைக் குறைத்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, "ஏனுங்க சார், எடுத்த எடை எங்கீங்க?" என்று கேட்டார் துளசிமணி. எனக்குப் புரியவில்லை. "மூக்குல எடுத்தா வாலு கனத்துப் போகுமுங்க. எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சாகணுமுங்க" என்றார். தராசின் ஒரு தட்டில் இருப்பதை எடுத்தால் மறுதட்டு இறங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பெருமையில் மறந்திருந்தேன். கடைசியில், புதுமைப்படுத்துவது என்று நாங்கள் பெயர் சூட்டிய அந்த வேலையில் பாதி, குறைத்த எடைக்கு ஈடாக ஈயக் கட்டிகளை வைப்பதாக முடிந்தது. இரும்பு வைத்தால் பக்கத்தில் உள்ள திசைகாட்டி குழம்பும் என்பதால் ஈயம். ஒன்பது கிலோ வீதம் ஏழு கட்டிகள்.

கட்டிகளை வார்த்துத் தந்தவர் பொன்னுச்சாமி. பெருந்துறைப் பக்கம் சின்னதாக வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார். வந்த ஏழும் ஒன்பது கிலோவுக்கு மேல். ஒன்றில் கால் கிலோ கூடுதல், இன்னொன்றில் முந்நூறு கிராம். அச்சில்தான் கோளாறு என்று நான் குதித்தேன். பொன்னுச்சாமி நேரில் வந்தார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை. "நாட்டுக்குப் பறக்கற பிளேனுக்குங்க அம்மணி. கணக்கா வார்க்கறதுக்குக் கை கூசுதுங்க. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொசுறு வெச்சுப்போட்டேனுங்க" என்றார். காய்கறிக்குக் கொசுறு கேட்டிருக்கிறேன். குண்டுவீச்சு விமானத்துக்குக் கொசுறு கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

நான் சிரித்துவிட்டேன். துளசிமணி சிரிக்கவில்லை. "உங்க மனசு பெருசுங்கண்ணா. ஆனா இதுக்குக் கொறையவும் கூடாது, கொசுறும் கூடாதுங்க. நீங்களே அராவிக் குடுத்துருங்க" என்றார். அரத்தை எடுத்துக்கொண்டு பொன்னுச்சாமி முற்றத்தில் உட்கார்ந்தார். அவர் அராவ அராவ, துளசிமணி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடை பார்த்தார். முடிந்ததும் அராவிய தூளைக் காகிதத்தில் மடித்து, "இந்தாங்கண்ணா உங்க கொசுறு" என்று கொடுத்தார். பொன்னுச்சாமி கடைசியில் சிரித்தேவிட்டார். அடுத்த ஐந்து விமானங்களுக்கும் அவர் வார்த்த கட்டிகளில் ஒரு கிராம்கூடக் கொசுறு இல்லை.

துளசிமணியின் அப்பா அன்னூர்ப் பருத்தி மண்டியில் எடை போடுபவராக இருந்தவர். மூட்டையை நிறுத்த பிறகு சாக்கின் எடையைக் கழித்துத்தான் பருத்தியின் எடையைச் சொல்வார்கள். அந்தப் பேச்சு மகளிடம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "சாக்கக் கழிச்சுப்போட்டுச் சொல்லுங்க" என்பதை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வார். தட்டை மரப்பெட்டியோடு நிறுத்தால் அதையேதான் சொல்வார். பஸ் வரவில்லை, கரண்ட் போய்விட்டது, தச்சன் வரவில்லை என்று யாராவது தாமதத்துக்குக் காரணம் அடுக்கினாலும் அதேதான். எந்தச் சாக்கைச் சொல்கிறார் என்பது கேட்கிறவர் மனசாட்சியைப் பொறுத்தது. நான் பெரும்பாலும் இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டவன்.

முதல் விமானம் தயாரானது பங்குனி மாதத்தில். வியாழக்கிழமை சோதனைப் பறப்பு என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை நான் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுத் துளசிமணியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முழு விமானத்தையும் எடை போட்டாக வேண்டும் என்றார். விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளி, மூன்று சக்கரங்களுக்கும் அடியில் எடைமேடை வைத்து, மட்டம் பார்த்து நிறுக்க ஒரு முழு நாள் ஆகும். விமானப்படை அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையேட்டில் எல்லா எடையும் இருக்கிறது, கழித்துக் கூட்டியிருக்கிறேன், போதும் என்றேன் நான்.

"கையேட்டுல இருக்கற பிளேன் வேறைங்க சார், வெளிய நிக்கறது வேறைங்க. முப்பது வருசத்துல எத்தன ஒட்டுப் போட்டாங்களோ, எத்தன தடவ பெயிண்ட் அடிச்சாங்களோ" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அதிகாரி முன்னாலேயே, "அம்மணி, இது உங்க பருத்தி மண்டி இல்ல" என்று கத்தினேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். துளசிமணியின் குரல் உயரவில்லை. "அதுனாலதாங்க சொல்றேன். மண்டில தப்புனா மூட்டதான் போகும். எடை போடாம நானு கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்றார். அதிகாரி கடிகாரத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு, எடை போடச் சொன்னார்.

மறுநாள் கொட்டகைக்குள் நுழைந்ததும் துளசிமணி இரண்டே உத்தரவுகள் போட்டார்: "கதவச் சாத்துங்க. ஃபேன நிறுத்துங்க." இறக்கைமேல் காற்றுப் பட்டால் எடைமேடையின் முள் பொய் சொல்லும். தகரக் கூரைக்குக் கீழே இருபது பேர் வெந்துகொண்டிருந்தோம். எடைமேடைமேல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளின் எடையை அவர் கழித்தார். அன்றைக்கு அதுதான் சாக்கு. மூன்று முறை நிறுத்தார். மூன்று முறையும், மூக்கில் என் கணக்கைவிடப் பதினெட்டுக் கிலோ குறைவு. வாலில் பல வருடங்களாக ஒட்டுப் போட்டுப் போட்டு ஏற்கெனவே கனம் கூடியிருந்தது. இரண்டும் சேர்ந்து, அந்த விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்போது விமானி நினைத்ததற்கு மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். வியாழக்கிழமை அதில் ஏற இருந்த இளம் விமானி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

பதினெட்டுக் கிலோ எங்கே போனது? என் ஆட்களில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூக்கைத் திறந்தபோது, எதோடும் இணைக்கப்படாத பழைய வயர்க் கட்டுகள் உள்ளே கிடந்தன. எந்தக் காலத்திலோ இருந்த கருவிகளின் மிச்சம். அவற்றை உருவி எறியச் சொன்னவன் நான். சுத்தமாக இருக்கட்டும் என்று சொன்னேன். எறிந்ததை யாரும் நிறுக்கவில்லை. துளசிமணி கழிவுக் குவியலிலிருந்து அவற்றைத் தேடி எடுத்துவரச் செய்து நிறுத்தார். பதினேழரைக்கு வந்தது. எல்லாரும் மூச்சு விட்டோம். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மூக்குக்குள் தலையை நுழைத்தார். "இந்த வட்ட ஓட்டைல என்னங்க இருந்துச்சு?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

எனக்குத் தெரியும். பித்தளை வளையம் போட்ட ஒரு பழைய முள் கடிகை, உள்ளங்கை அளவுக் கடிகாரம். ஓடாதது. பார்க்க அழகாக இருந்ததால் ஞாபகார்த்தமாகக் கழற்றி என் மேசைமேல் காகிதத்துக்குப் பாரமாக வைத்திருந்தேன். இருபது பேர் பார்க்க அதைப் போய் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். நிறுத்தார். நானூற்று நாற்பது கிராம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடிகையின் முதுகில் ஒட்டி, என்னிடமே திருப்பித் தந்தார். "எழுதிக்கிட்டேனுங்க. நீங்களே வெச்சுக்கங்க சார்" என்றார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க கணக்குத் தப்பில்லீங்க. கையேட்டுப் பிளேனுக்கு அது சரிதாங்க" என்றார். முந்தின நாள் அவரை மண்டிக்காரி என்று அவமானப்படுத்தியவனுக்கு அவர் கொடுத்த மரியாதை அது. அன்றிலிருந்து 'எடையம்மா' என்று நான் கூப்பிட்டதில் கேலி இல்லை.

இன்னும் இரண்டு கட்டிகள் ஏறின. சனிக்கிழமை விமானம் பறந்தது. இறங்கி வந்த விமானியிடம் எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டேன். புதுக் கருவி மணி மணியாக வேலை செய்கிறது, மற்றபடி கைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, பழைய விமானமாகவேதான் இருக்கிறது என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. துளசிமணிதான், "இதுக்கு மேல என்னங்க சார் வேணும்?" என்று தன் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

இப்படியே ஐந்து விமானங்கள். ஒவ்வொன்றிலும் மூக்கு ஒவ்வொரு எடை காட்டியது. எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. கையெழுத்துக்கு முன் எடை என்பதை அதன்பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆறு மாதமாக அவருக்கு உடம்பு முடியவில்லை. போன மாதம் அன்னூர் போய்ப் பார்த்தேன். கட்டிலில் பாதியாய் இருந்தார். நலம் விசாரிக்க வாய் திறக்குமுன், "ஆறாவது வந்துருச்சுங்களா?" என்றார். வந்துவிட்டது, அவர் எழுந்து வந்த பிறகுதான் எடை போடுவோம் என்று சொன்னேன். ஆறுதலாகச் சொன்னதாக நினைப்பு. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நானு வார வரைக்கும் பிளேன் நிக்குமுங்களா? நீங்களே போடுங்க சார். கதவச் சாத்த மறந்துபோடாதீங்க" என்றார். ஆகட்டுங்க என்று எழுந்து வந்தேன். அதுதான் நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை.

செவ்வாய்க்கிழமை மாலை அவரைத் தூக்கியபோது கொஞ்ச தூரம் நானும் தோள் கொடுத்தேன். பாடை பூவும் மூங்கிலுமாகத்தான் இருந்தது. ஆள் இருப்பதே தெரியவில்லை. எடுத்த எடை எங்கீங்க அம்மணி என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

ஆறாவது விமானத்தை வியாழக்கிழமை எடை போடுவதாக ஏற்கெனவே ஏற்பாடு. புதன்கிழமை நான், பழைய அதிகாரி மாறிப்போன இடத்துக்கு வந்திருந்த புது அதிகாரியைப் போனில் கூப்பிட்டு ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். எல்லாரும் துக்கத்தில் இருக்கிறோம், கை ஓடாது, அவர் இல்லாமல் சரிவராது என்று அடுக்கினேன். அவரும் இரக்கத்தோடு சரி என்றார். போனை வைத்தபோது மேசைமேல் அந்தக் கடிகை இருந்தது. முதுகில் அவருடைய குண்டு எழுத்து: 440 கிராம். நான் அடுக்கிய காரணங்களை ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சாக்கைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. மறுபடி போன் செய்து, வியாழக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கடிகையையும், அவருடைய அந்த இரண்டு கேள்விகளையும்தான். எடுத்த எடை எங்கே, சாக்கைக் கழித்தாயா. இனி இந்தக் கம்பெனியில் அவற்றைக் கேட்க வேண்டியவன் நான்.

நேற்று, அக்கினி நட்சத்திர வெயிலில், ஆறாவது விமானம் எடைமேடைகள்மேல் நின்றது. பொன்னுச்சாமியும் வந்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கதவச் சாத்துங்க. ஃபேன நிறுத்துங்க" என்றேன். அந்தக் குரல் இல்லாமல் அந்த வார்த்தைகள் கொட்டகையில் கேட்டது அதுவே முதல் தடவை. மூன்று முறை நிறுத்தோம். முட்டுக் கட்டைகளைக் கழித்தேன். எடை பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கதவு சாத்தியிருந்த புழுக்கத்தில் ஆளாளுக்குத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, வியர்வை என்றார்கள். அந்தச் சாக்கை மட்டும் நான் கழிக்கவில்லை.