பாலம் கேட்ட தலைச்சன்

எங்கள் ஊர்க் கல்பாலத்தைப் பார்த்தாலே எனக்குப் பயம். காரிமங்கலம் சந்தைக்குப் போகிற மினி பஸ் அதன்மேல் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான் திறப்பேன். இதற்கெல்லாம் காரணம் பெரியம்மா மகன். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன். வாயைத் திறந்தால் புளுகு. அதையும் சாமி சத்தியமாக என்று ஆரம்பித்து, நிதானமாகச் சொல்வான்.

பாலத்துக்கு அடியில், தண்ணீருக்குள், தலைகீழாக ஒரு ஊர் இருக்கிறதாம். அதற்கு ஒரு ராஜாவாம். பாலம் அவனுடையதாம். ஒரு கல்லைப் பெயர்த்தாலும் பதிலுக்கு ஒரு தலைச்சன் பிள்ளையைக் கொடுத்தாக வேண்டுமாம். வீட்டில் முதலில் பிறந்ததுதான் வேண்டும். மற்றதை அவன் தொடமாட்டானாம்.

"எனக்கு மேல அக்கா இருக்குது, நான் தப்பிச்சேன். நீதான் மாட்டிக்கிட்ட" என்றான் பாவி.

எனக்குக் கீழே ஒரு தம்பி மட்டும்தான். என்ன செய்வது?

அந்த வருஷ மழையில் பாலத்தின் ஒரு தூண் விரிசல் விட்டது. ஜேசிபி வந்து கற்களைப் பெயர்த்துப் போட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. டீக்கடைப் பக்கம் போனால், பெரிய மனுஷர்களே "பாலம் காவு கேக்குமாமே" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் புளுகன் என்றால் இவர்களுமா புளுகுவார்கள்?

வருஷத்தில் ஒருநாள் அப்பாவும் அம்மாவும் எங்களைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு எங்கேயோ போய்வருவார்கள். அந்த வருஷம் தம்பியை மட்டும் விட்டார்கள். அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றி, பூ வைத்தாள். கூடையில் முறம், மஞ்சள், கண்ணாடி வளையல், புதுப் பாவாடை சட்டை.

"எங்கம்மா போறோம்?"

"ஆத்துக்கு."

"பாலத்துக்கிட்டயா?"

"ஆமா, பேசாம வா."

கூடையில் இருந்த பாவாடை எனக்கு ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிந்தது. வளர்கிற பிள்ளைக்கு அப்படி வாங்குவார்கள். சாகப்போகிற பிள்ளைக்கு எதற்கு? பைக்கில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். குதித்து ஓடவும் வழியில்லை.

பாலத்துக்குக் கீழே, தண்ணீர் ஓரமாக அம்மா முறத்தை வைத்து, அதில் துணியையும் வளையலையும் பரப்பினாள். அப்பா கற்பூரம் ஏற்றினார். அம்மா ஆற்றைப் பார்த்து, "வந்து வாங்கிக்கம்மா" என்று கூப்பிட்டாள். ராஜாவுக்குப் பொண்டாட்டியும் உண்டு போலிருக்கிறது!

"முன்னாடி வந்து நில்லு" என்று அப்பா என் தோளைத் தொட்டார். ஈரமணலில் கால் புதைந்தது. அவ்வளவுதான்.

"என்னைக் குடுத்துடாதம்மா! பாத்திரம் எல்லாம் கழுவறேன், தம்பியை அடிக்கமாட்டேன், குடுத்துடாத!"

அம்மா என்னை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் வைக்கமாட்டார்கள். விக்கி விக்கி, ராஜா, கல், தலைச்சன் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு என் முகத்தைத் துடைத்தாள்.

"நீ தலைச்சன் இல்லடி கண்ணு."

"நெசமாவா?"

"நெசமா."

அப்பா சட்டென்று தண்ணீரில் இறங்கி, முகத்தைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. படைத்த பாவாடையை அம்மா எனக்கே கட்டிவிட்டாள். பெரியம்மா தெருவில் பைக் நின்றதும், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்ற அண்ணனிடம், "டேய், நான் தலைச்சன் இல்லையாம்! அம்மாவே சொல்லிட்டாங்க!" என்று குதித்தேன்.

பெரியம்மா அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் முதுகைத் தேய்த்துக்கொண்டே என்னை வெறித்துப் பார்த்தான்.

அப்படியானால் தலைச்சன் யார் என்று கேட்க அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.