விளிம்பின் தேய்த்த பக்கம்

கனகாம்பிகையிடம் ஊர் எது என்று யாராவது கேட்டால் "பருத்தித்துறை" என்பாள். அது முழுப் பொய்யுமில்லை. பஸ் பிடிப்பதற்கும் புடவைக் கடைக்கும் அவளுடைய ஊர்ச்சனம் அங்கேதான் வந்துபோனது. ஆனால் லண்டனில் இருக்கிற யாழ்ப்பாணத்தவர்கள் அந்தப் பதிலோடு விட்டுவிடுகிற ஆட்களில்லை. "பருத்தித்துறையில எந்தப் பக்கம்?" என்பார்கள். பிறகு, "எந்தக் கோயிலடி?" பிறகு, "நீங்கள் ஆற்றை பிள்ளை, தகப்பன் ஆர்?" அதற்கும் பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. கேட்டவருக்குச் சாதி தெரிந்துவிடும். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கும். கண் மட்டும் ஒரு அடி பின்னுக்குப் போகும்.

லண்டன் வந்த காலந்தொட்டு, இரண்டாவது கேள்வியிலேயே பேச்சைத் திருப்ப அவள் பழகியிருந்தாள். "அது கிடக்கட்டும், உங்கட மகள் இந்த முறை சோதினையில என்ன செய்யப்போறா?" என்றால் போதும். ரீச்சர் ஒருத்தி பிள்ளையின் படிப்பை விசாரிக்கும்போது எந்தத் தகப்பனுக்கும் கோயிலடி ஞாபகம் வராது. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தாள். பக்கத்தில், மிச்சம் என்கிற இடத்தில் வீடு. புருசன் பாலேந்திரா பஸ் ஓட்டினான். அவனும் அவளுடைய ஊர்தான், அவளுடைய ஆட்கள்தான். ஊரைப் பற்றி வீட்டுக்குள்ளேயும் அதிகம் பேசமாட்டார்கள். மகள் மயூராவுக்குக்கூட அம்மாவின் ஊர் பருத்தித்துறைதான்.

மயூரா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். யனுஷனை அவளே தேடிக்கொண்டாள். நல்ல பெடியன், ஆனால் தாய் சொல் தட்டாதவன். தகப்பன் இல்லை, தாய் பிரான்சில், பரிஸ் நகரத்தில். இங்கே அவனுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நின்றவர் தாய்மாமன் தேவராசா. தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை, கோயில் நிர்வாக சபை, எந்த விசேசமென்றாலும் முன்வரிசை என்று இருக்கிற மனிதர். அவர் ஓம் என்றால் பரிசிலிருக்கிற அக்காவும் ஓம். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டால் கலியாணம் அதோடு சரி. ஆவணியில் வைப்பதென்று பேச்சு. மண்டபத்துக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. பெண்ணுடைய தாய் ரீச்சர் என்றபடியால், நல்ல குடும்பம்தான் என்று தேவராசா தானாகவே முடிவு செய்துகொண்டார். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

தேவராசாவின் மகள் ஆரணி கனகாம்பிகையின் பத்தாம் வகுப்பில் இருந்தாள்.

அது இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு சித்திரை மாதம். வன்னியில் ராணுவத்தின் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. லண்டன் தமிழ்ச் சனம் முழுக்க, போரை நிறுத்தச் சொல்லி, நாடாளுமன்றத்துக்கு முன்னால் றோட்டில் கிடந்தது. தேவராசா கடை வான் வண்டியில் ஆட்களை ஏற்றி இறக்கினார். ஒரு சனிக்கிழமை கனகாம்பிகையும் போயிருந்தாள். குளிர். பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணியை அதன் மூடியிலேயே ஊற்றி நீட்டினார் தேவராசா.

"குடியுங்கோ ரீச்சர். வேற ஏதனம் இல்லை. இண்டைக்கு எங்கட சனம் எல்லாம் ஒண்டுதானே."

வாங்கினாள். குடிக்குமுன் அவளுடைய பெருவிரல் மூடியின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவியது. தேவராசா பெரிதாகச் சிரித்தார்.

"என்ன ரீச்சர், ஊத்தையோ எண்டு பாக்கிறியளோ? கழுவினதுதான்!"

"சும்மா... பழக்கம்," என்றாள். குடித்துவிட்டுக் கொடுத்தாள். அதே மூடியில் அவரும் ஊற்றிக் குடித்தார். அவளுக்கு அன்றைக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. பேசாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைக்கிற எல்லாவற்றுக்கும் அந்த இளக்கம்தான் காரணம்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்க, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உரிமை கேட்ட பாடம் வந்தது. வெள்ளையருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், கறுப்பருக்கு இன்னொன்று. பஸ்ஸில் பின்வரிசை. சாப்பாட்டுக் கடையில் தங்களுக்கில்லாத மேசையில் போய் இருந்த கறுப்பினப் பெடியளின் படத்தைச் சுவரில் விழுத்தினாள். தலையில் சீனியையும் தக்காளிச் சோசையும் கொட்டுகிறார்கள்; பெடியள் அசையாமல் இருக்கிறார்கள்.

"திருப்பி அடிக்கவில்லையா, மிஸ்?"

"இல்லை."

"அப்போ என்னதான் செய்தார்கள்?"

"இருந்தார்கள். ஒரு கோப்பி கேட்டார்கள். தரும்வரைக்கும் எழும்பவில்லை."

"அவ்வளவுதானா?" என்றான் கடைசி வரிசையில் ஒருத்தன். "என்ரை அண்ணாவும் சோபாவில அப்படித்தான் இருக்கிறான். அவனுக்கும் பதக்கம் குடுக்கலாம்." வகுப்பு சிரித்தது. கனகாம்பிகையும் சிரித்தாள்.

வருசாவருசம் இந்தப் பாடத்தோடு அவள் ஒரு வீட்டுவேலை கொடுப்பாள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வரவேண்டும்: அவர்கள் காலத்தில் யாராவது நுழையக்கூடாத இடம், இருக்கக்கூடாத கதிரை, தொடக்கூடாத பொருள் இருந்ததா? ஜமேக்காப் பிள்ளைகள், தாத்தாவுக்கு வாடகைக்கு அறை கொடுக்காத வீடுகளைப் பற்றிக் கொண்டுவருவார்கள். தமிழ்ப் பிள்ளைகள், சிங்களவர் தங்களுக்குச் செய்ததைக் கொண்டுவருவார்கள். "எங்கட ஆக்களுக்குள்ள?" என்று அவள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. அந்த வேலையைத் துணிந்து கொடுத்ததே அந்த நம்பிக்கையில்தான்.

ஆரணி எழும்பி நின்றாள். ஒளிவுமறைவு தெரியாத பிள்ளை.

"எங்கள் அப்பப்பா ஊரில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். சில ஆட்கள் உள்ளே வரக்கூடாது. அவர்களுக்கு வெளியே ஆணியில் தனி கிளாஸ் தொங்கும். அதில்தான் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு அவர்களே கழுவித் தொங்கவிட வேண்டும். அப்பா சின்ன வயதில் பார்த்தாராம்."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. "உங்கட ஆக்களே உங்கட ஆக்களுக்கா?" என்று கேட்டாள் ஒரு பெண்.

அந்த இடத்தில் கனகாம்பிகை "நன்றி ஆரணி, இரு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிழை காதில் விழுந்தால் திருத்தாமல் இருக்க அவளால் ஏலாது.

"கிளாஸ் இல்லை," என்றாள். "போத்தல். கழுத்தை அறுத்த போத்தல். அவர்களுக்குக் கிளாஸ் கொடுக்கமாட்டார்கள்."

"அறுத்த போத்தலா? வாயை வெட்டாதா, மிஸ்?"

"விளிம்பில் ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்து வைத்திருப்பார்கள். பெருவிரலால் சுற்றித் தடவி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதாலேதான் குடிக்கவேணும்."

வெறுங் கையை உயர்த்தி, பெருவிரலை ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது. தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்ற ஏழு வயதுப் பெட்டை அவள். அது ஆரணியின் அப்பப்பாவின் கடையோ வேறு கடையோ தெரியாது. எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

மணி அடித்தது. ஆரணி பையைத் தூக்கிக்கொண்டு மேசையருகே வந்தாள்.

"மிஸ், அப்பா பிழையாச் சொல்லியிருக்கிறார் என்ன? இண்டைக்குப் போய்ச் சொல்லுறன், மிஸ்ஸுக்கு உங்களைவிட வடிவாத் தெரியும் எண்டு."

சொல்லாதே என்று ஒரு ரீச்சர் என்ன காரணம் காட்டிச் சொல்வது? "பஸ் போயிடும், ஓடு," என்றாள்.

பின்னேரம் பாலேந்திரா ஷிப்டுக்குச் சப்பாத்துப் போடும்போது விசயத்தைச் சொன்னாள். அவன் ஒரு சப்பாத்தோடு நிமிர்ந்தான்.

"நீ ஏன் வாயைத் திறந்தனி?"

"பிழையாச் சொன்னாள். திருத்தினன்."

"உலகத்தில இருக்கிற பிழையெல்லாம் உன்ரை தலையிலயோ?" பிறகு குரலை இறக்கி, "அந்தாள் உன்ரை விரலைக் கண்டதோ? அண்டைக்கு, பிளாஸ்க் மூடியில?"

"கண்டது. சிரிச்சது."

பாலேந்திரா மற்றச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயம். முந்தி ஒன்றுவிட்ட ஒரு நாளைக்கு ஐயர், சமையல், மாலை என்று ஏதாவது சாட்டில் போன் எடுக்கிற தேவராசா எடுக்கவில்லை. சாமான் வாங்குகிற சாட்டில் கடைக்குப் போனாள். கல்லாவிலிருந்த அவர் மனைவி நாகேஸ்வரி, "அவர் வெளியால போயிட்டார், ரீச்சர்," என்றாள். பின்னாலிருக்கும் குளிர் அறையிலிருந்து, மீன்பெட்டிக்காரனை ஏசுகிற தேவராசாவின் குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டு பெண்களும் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிச்சக் காசை நாகேஸ்வரி கையில் தரவில்லை, மேசையில் வைத்தாள். எல்லாருக்கும் அப்படித்தான் வைக்கிறவளோ என்று யோசித்துப் பார்த்தாள் கனகாம்பிகை. ஞாபகம் வரவில்லை. முந்தி அதைக் கவனிக்க வேண்டி இருந்ததில்லை.

ஆரணி வகுப்பில் முன்வரிசையை விட்டுப் பின்னுக்குப் போயிருந்தாள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்தாள். தான் எதையோ போட்டு உடைத்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது; எதை என்று தெரியவில்லை.

மயூரா வேலையிலிருந்து போன் எடுத்தாள். "அம்மா, யனுஷன் ஒழுங்கா மெசேஜ் போடுறானில்லை. மாமா அவனிட்ட எங்கட ஊரைப் பற்றிக் கேட்டவராம். பருத்தித்துறை எண்டு சொன்னானாம். பருத்தித்துறையில எவடம் எண்டு கேட்டவராம். எவடம் அம்மா?"

"வீட்டை வா, சொல்லுறன்," என்றாள் கனகாம்பிகை. அன்றைக்குச் சொல்லவும் செய்தாள். மயூரா, "இதுக்கே இவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அது அமெரிக்காக் கதையைப் போல் தூரமாக இருந்தது.

கடைசியில் தேவராசாவின் போன் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருக்கா வாங்கோ. ரெண்டு பேரும். பிள்ளையைக் கூட்டி வரத் தேவையில்லை."

வீட்டு முன்னறையில் ரீவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வன்னிக் கடற்கரை மணலில் கூடாரங்கள், புகை. தேவராசாவின் கையில் ஊர்வலத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டி இன்னும் இருந்தது. "இருங்கோ, இருங்கோ," என்றார். வெயிலைப் பற்றியும் ஊர்வலத்தைப் பற்றியும் கதைத்தார். கேள்விகளை அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் எல்லா இடமும் விசாரித்து முடித்திருந்தார்.

ஆரணி தட்டைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தாள். பூப்போட்ட பீங்கான் கோப்பை இரண்டு, பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய கடதாசிக் கப் இரண்டு. நாகேஸ்வரி கோப்பைகளைத் தங்கள் பக்கம் எடுத்துவைத்து, கப்புகளை மற்றப் பக்கம் தள்ளினாள். சுவரோரக் கண்ணாடி அலுமாரியில் அதே பூப்போட்ட கோப்பைகள் வரிசையாக இருந்தன.

ஆரணி தட்டைப் பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள். "அம்மா, மிஸ் ஆக்களுக்கு ஏன் பேப்பர் கப்?"

"கோப்பை கழுவேல்லை."

"அங்கை இருக்குதே, அவ்வளவு..."

"நீ மேலை போய்ப் படி," என்றார் தேவராசா.

அவள் படியேறும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது.

தேவராசா தொண்டையைச் செருமினார். "ரீச்சர் குறை நினைக்கக்கூடாது. நாங்கள் உதெல்லாம் பாக்கிற ஆக்களில்லை. அக்காதான்... அவ பழைய ஆள். சனமும் கதைக்கும். மண்டபக் காசை நான் கதைச்சு எடுத்துத் தாறன். பிள்ளையளும் சின்னன்தானே, மறந்திடுவினம்."

கனகாம்பிகை கப்பைக் கையில் எடுத்தாள். பெருவிரல் தன்பாட்டில் விளிம்பைச் சுற்றிப் புறப்பட்டது. தேவராசாவும் நாகேஸ்வரியும் அந்த விரலையே பார்ப்பது தெரிந்தது. பாதிச் சுற்றில் விரலை நிறுத்தி, கப்பை மேசையில் வைத்தாள்.

"அண்டைக்கு நீங்கள் தந்த பிளாஸ்க் மூடியில குடிச்சனான்," என்றாள். "நான் குடிச்ச மூடியில நீங்களும் குடிச்சனீங்கள்."

"அது றோட்டு, ரீச்சர்," என்றார் தேவராசா, விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல. "இது வீடு."

பாலேந்திரா எழும்பிவிட்டான். "கனகம், எழும்பு. போவம்."

அவளுக்கும் முழங்கால் எழும்பத்தான் பார்த்தது. எழும்பினால் கலியாணம் இல்லை. எழும்பாமல் இருந்தாலும் கலியாணம் நடக்குமா தெரியாது. ஆனால் எழும்பிப் போனால், நாளைக்குத் தோர்ண்டன் ஹீத்தில், "விசயத்தைச் சொன்னன், தாங்களாவே எழும்பிப் போயிட்டினம், பாவம்," என்று இந்த மனிதர் கடையில் நின்று மரியாதையாகச் சொல்லுவார். மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"நீங்கள் போறதெண்டால் போங்கோ, உங்களுக்கு ஷிப்ட்," என்றாள் புருசனிடம். பிறகு நாகேஸ்வரியைப் பார்த்து, "எனக்குக் கோப்பையில தாங்கோ. அந்தக் கோப்பையில. குடிச்சிட்டுக் கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்."

"ரீச்சர்..." என்றார் தேவராசா.

"எனக்கு அவசரமில்லை. நான் இருக்கிறன்."

பாலேந்திரா நின்றான். பிறகு, கதிரை நோகும் என்பதுபோல மெல்லத் திரும்ப இருந்தான். நாகேஸ்வரி புருசனைப் பார்த்தாள். புருசன் ரீவியைப் பார்த்தார். மேசையில் கிடந்த அவருடைய போன் அதிர்ந்தது; அக்கா என்று காட்டியது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். அது கவிழ்ந்தபடியே அதிர்ந்துகொண்டிருந்தது.

கடதாசிக் கப்பின் அடி ஊறி, தேத்தண்ணி மெல்ல வெளியே வந்து மேசைவிரிப்பில் பரவத் தொடங்கியது. ஒருவரும் துடைக்கவில்லை. பாதிப் படியில் நிற்கிற பிள்ளை மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. கனகாம்பிகை கையைக் கட்டிக்கொண்டு, அலுமாரி திறபடுகிறதா என்று காதைக் கொடுத்தபடி இருந்தாள். திறபடவில்லை. போன் ஓய்ந்து, திரும்பவும் அதிரத் தொடங்கியது. அவள் இருந்தாள்.