கிழக்குச் சுவர்

எங்கள் அம்மா கொத்தனார். சித்தாள் என்று சொல்லிவிடாதீர்கள்; சாந்துச் சட்டி சுமந்தது பாதி ஆயுள்தான், மீதிப் பாதி கரண்டி பிடித்தவள். போன வாரம் ஆய்க்குடியில் என் மகன் வீட்டு அடித்தளத்துக்குச் சிமெண்டுக் கல் வைத்தபோது, தண்ணீர் விடும் வேலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்கு அப்போது ஒன்பது வயது, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன வருடம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு குடிசையில் இருந்தோம். அப்பாவுக்குப் புனலூர்ப் பக்கம் வேலை. குற்றாலத்தில் லாட்ஜ் கட்டிய கொத்தனார் என் மாமா. அவருக்குச் சித்தாள் அவர் தங்கச்சியான எங்கள் அம்மா. பலகை அச்சில் அவளே கல் வார்த்து வைத்திருந்தாள். குடிசையைச் சுற்றிக் கல்வீடு எழுப்ப வானம், அதாவது அடித்தளக் குழி, தோண்டியவள், அடித்தளச் சுவரையும் தானே கட்டப்போவதாகச் சொன்னாள். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

“சித்தாளு கரண்டி பிடிச்சா சுவரு நிக்குமாட்டி?”

“நின்னா?”

“கட்டி முடிச்ச ஒம்பதாம் நாள் வந்து மிதிப்பேன். நின்னுச்சுன்னா எங்கூடக் கொத்தனாரா வா. விழுந்துச்சுன்னா பெறவு நீ கரண்டியத் தொடக் கூடாது.”

“வந்து மிதிண்ணே. செருப்புப் போட்டுட்டு வா.”

வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் கட்டினாள். ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல். அவள் கணக்குச் சொல்ல, மணல் அள்ளிப் போட்டது நான்தான். நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, தரைக்கு மேல் மூன்று வரி ஏற்றினாள். முடித்ததும் குடத்தை என் கையில் கொடுத்தாள்.

“காலையில, மத்தியானம், சாயங்காலம். நாலு பக்கமும் கல்லு குடிச்சு முடிக்குத வரைக்கும் ஊத்தணும். மறந்துராதட்டி.”

மறக்கவில்லை. மறுநாளே சாரல் வந்துவிட்டது. சாமியே தண்ணீர் விடும்போது நான் எதற்கு என்று குடத்தைக் கவிழ்த்துவிட்டு ஐந்தருவிக்கு ஓடினேன். அன்று மட்டுமில்லை, தினமும். சாயங்காலம் அம்மா வந்து, “விட்டியாட்டி?” என்பாள். வாசல் பக்கத்து மேற்குச் சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். “விட்டேம்மா” என்பேன். சாரல் மேற்கிலிருந்து சாய்வாக வருவது, அது குடிசையைத் தாண்டாதது, பின்னால் கிழக்குச் சுவர் வெறும் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது, இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

ஒன்பதாம் நாள் மாமா வந்தார், செருப்போடுதான். மேற்குச் சுவரை மிதித்தார்; அசையவில்லை. பின்பக்கம் போய் கிழக்குச் சுவரை மிதித்தார். மேல் வரிக் கல் இரண்டு கழன்று விழுந்தன. இடையில் இருந்த சாந்து மாவாக உதிர்ந்தது.

“கோலப்பொடி வச்சுல்லா கட்டிருக்கா” என்றார் மாமா.

அம்மா குனிந்து அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். முன்பக்கம் போய் மேற்குச் சுவரை ஓர் ஆணியால் கீறினாள், ஆணி இறங்கவில்லை. திரும்பி வந்து என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“கலவை பிசகிட்டுண்ணே. கிழக்கால மணலு கூடிப்போச்சு. பிரிச்சுக் கட்டுதேன். இன்னும் ஒம்பது நாள் குடு.”

“இந்த ஒருதடவைதான்.”

எனக்கு உயிர் வந்தது. தப்பு கலவையில்தான்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. கிழக்குச் சுவரைப் பிரித்து, ஒவ்வொரு கல்லாகச் சுரண்டி, கழுவி அடுக்கினாள். நான் பக்கத்தில் நின்று புத்தி சொன்னேன்: “இந்தத் தடவை சிமெண்டு கூடப் போடும்மா.”

“போட்டுருதேன்” என்றாள், தலையைத் தூக்காமல்.

போடவில்லை. நான் எண்ணினேன். ஒன்றுக்கு ஆறு, முந்தி மாதிரியே. பாவம், பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள், கணக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். கட்டி முடித்ததும் குடத்தை மறுபடியும் என் கையிலேயே கொடுத்தாள். கணக்குத் தெரியாதவள் கட்டிய சுவர், எந்த நேரமும் விழுந்துவிடும் என்ற பயத்தில், சாரலில் நடுங்கிக்கொண்டே மூன்று வேளையும் நாலு பக்கமும் ஊற்றினேன்.

மாமா வந்தார். மூன்று தடவை மிதித்தார். மூன்றாவது மிதியில் செருப்பின் வார்தான் அறுந்தது.

“சிமெண்டக் கூட்டிட்டியோ?”

“ஆமண்ணே” என்றாள் அம்மா.

கூட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் தப்பை மாமாவிடம் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.