மைனஸ் விழுந்த விடை

பேயைக் கண்டோ பாம்பைக் கண்டோ நான் பெரிதாகப் பயந்தவளில்லை. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு பாடத்தைக் கண்டு பயந்தேன். நெட்வொர்க் அனாலிசிஸ் என்று பெயர். காகிதத்தில் பாட்டரிகளையும் ரெசிஸ்டர்களையும் கோடுபோட்டு இணைத்து ஒரு வலை மாதிரி வரைந்திருப்பார்கள். எந்தக் கம்பியில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது, எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று நாம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். அதில் நான் பெயிலானேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீடு எங்களுடையது. வீட்டுக்குள் கன்னடம், தெருவில் இறங்கினால் தமிழ், மதுரையில் கல்லூரி வாசலை மிதித்தால் இங்கிலீஷ். மூன்றும் எனக்குச் சரளம் என்று சொல்லிக்கொள்வேன். மூன்றாவது கொஞ்சம் பொய். வீட்டுப் பேச்சை இங்கே தமிழிலேயே சொல்கிறேன். ஆனால் நான் பெயிலானதற்கு இங்கிலீஷைக் குறை சொல்ல முடியாது. பாடம் எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. கைதான் கேட்கவில்லை.

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் விளங்கும். வலையில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கரண்ட் ஓடுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லாக் கண்ணியிலும் கடிகாரமுள் சுற்றுகிற திசையில் ஓடுவதாக நாமே ஒரு அம்புக்குறி போட்டுவிடுவோம். பிறகு சமன்பாடு எழுதித் தீர்த்தால் விடை வரும். விடை பிளஸ்ஸில் வந்தால் நாம் போட்ட அம்பு சரி. மைனஸில் வந்தால் கரண்ட் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது என்று அர்த்தம். மைனஸோடு அப்படியே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான். முதல் நாளே பேராசிரியர் இதைச் சொன்னார். நானும் எழுதிக்கொண்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன்.

ஆனால் நான் வளர்ந்த வீட்டில் கைக்கு வேறு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாவாடை கட்டுகிற வயதிலேயே என்னைத் தறிக்குழியில் இறக்கிவிட்டார்கள். கட்டம் போட்ட சேலை நெய்யும்போது குறுக்கே ஓடுகிற ஊடை இழை ஒன்று நிறம் மாறி விழுந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு நெய்திருந்தாலும் சரி, அந்த இழை வரைக்கும் பிரித்தெடுத்துவிட்டுத்தான் மறுபடி நெய்ய வேண்டும். அப்பா இதில் மட்டும் யாருக்கும் இரக்கம் காட்டமாட்டார். "தப்பு விழுந்த எடத்துக்குப் போ" என்பார். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். அந்தக் குரலைக் கேட்டால் விரல் தானாகப் பின்னால் போய்ப் பிரிக்க ஆரம்பித்துவிடும்.

பரீட்சையிலும் அதுதான் நடந்தது. மூன்று கண்ணி உள்ள கணக்கு. பக்கம் முழுக்க எழுதி, ஸ்லைடு ரூல் என்கிற கணக்குக்கோலை இழுத்து இழுத்துப் பெருக்கி, கடைசியில் நடுக்கண்ணியின் கரண்ட் மைனஸில் வந்து நின்றது. மைனஸைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. தெரியும், அது தப்பில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் கை அந்தப் பக்கத்தையே குறுக்காக அடித்துவிட்டு, நடு அம்பைத் திருப்பிப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தது. எல்லா அம்பும் ஒரே பக்கம் சுற்றினால் சமன்பாட்டில் குறிகள் ஒழுங்காக விழும். ஒன்றை மட்டும் திருப்பினால் எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்று தலை சுற்றும். எனக்கும் சுற்றியது. இந்தத் தடவை வேறொரு கண்ணியில் மைனஸ் வந்தது. அதையும் பிரித்தேன். மணி அடிக்கும்போது என் விடைத்தாளில் பாதிக்கு மேல் குறுக்குக் கோடுதான் இருந்தது.

ஆய்வுக்கூடத்திலும் நான் இதே லட்சணம்தான். மீட்டரில் முள் இடப்பக்கமாகத் துள்ளினால் மற்றவர்கள் இரண்டு கம்பியை மாற்றிச் சொருகிவிட்டுப் போவார்கள். நான் எல்லா இணைப்பையும் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். என்னோடு சேர்ந்து செய்ய வேண்டிய பையன்கள் என்னைக் கண்டாலே வேறு மேஜைக்கு நகர்ந்தார்கள்.

அந்தப் பாடத்தில் பாஸாகாமல் மூன்றாம் வருடத்தில் சேர முடியாது. ரிசல்ட் வந்ததும் அப்பா திட்டவில்லை. தறியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். "இன்னொரு தடவை எழுதும்மா. அதுலயும் போச்சுன்னா படிப்பு போதும். திருச்சுழிக்குப் போயிரு."

திருச்சுழி என்றால் அத்தை வீடு. அப்பாவின் அக்காவை அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். நான் பிறந்த அன்றே என்னைத் தன் மகனுக்கு என்று அத்தை சொல்லி வைத்துவிட்டார். அத்தானைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மனுஷர், அதிர்ந்து பேச மாட்டார், கடையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார். குறை ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எனக்குக் கல்யாணம் வேண்டாம், படிப்பு வேண்டும். அந்தப் பாழாய்ப்போன வலைகள்மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை இருந்தது. அதை வீட்டில் யாரிடமும் சொல்லி விளங்கவைக்க முடியாது.

மறுபரீட்சை ஐப்பசியில் வந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் புதிதாக பவர்லூம் போட்டிருந்தார்கள். அது ஓடினால் நம் மனசுக்குள் பேசுவதே நமக்குக் கேட்காது. அமைதியான இடத்தில் படிக்கட்டும் என்று அப்பா என்னை பஸ் ஏற்றி அனுப்பினார். எங்கே? திருச்சுழிக்கு, அத்தை வீட்டுக்கு! நான் பெயிலானால் எந்த வீட்டுக்கு மருமகளாகப் போவேனோ, அந்த வீட்டிலேயே உட்கார்ந்து பாஸாவதற்குப் படித்தேன். இந்த வேடிக்கை எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை. அத்தான் மட்டும் சிரித்துவிட்டு, சரக்கு எடுக்கிற சாக்கில் விருதுநகருக்குப் போய்விட்டார்.

அத்தை என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். காலையில் பணியாரம், மத்தியானம் குழம்பு, நடுவில் சீனிச்சேவு. நான் ஸ்லைடு ரூலை இழுப்பதைப் பார்த்து, "அது என்ன கோலுக்குள்ள கோலு? எதை அளக்குற?" என்று கேட்டார். கரண்டை என்றேன். "எங்க கடையில ஒரே கோலுதான். ஊருக்கே அளந்து குடுக்கோம்" என்றார்.

ஒருநாள் பீரோவைத் திறந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்துக் காட்டினார். அரக்கு நிறத்தில் மயில்கழுத்துக் கரை. கடைக்கு வந்த சரக்கிலிருந்து எனக்காக எடுத்து வைத்ததாம். "முகூர்த்தத்துக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பீரோவைச் சாத்தினார். "கோயிலுக்குப் போனேன் புள்ள. நீ பாஸாகணும்னும் வேண்டிக்கல, பெயிலாகணும்னும் வேண்டிக்கல. ரெண்டுக்கும் மனசு வரல. வாயத் தொறக்காம கும்பிட்டுட்டு வந்துட்டேன்." எனக்கு அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டால் சம்மதம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, நோட்டை விரித்துக்கொண்டேன்.

நோட்டில் தினமும் அதே கதைதான். மைனஸ் வரும், கை அடிக்கும், திரும்ப எழுதும். அடிக்காதே என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். கை அப்பா பேச்சைத்தான் கேட்டது.

அந்த வாரம் மழை பெய்தது. எங்கள் பக்கத்து மழையை நம்ப முடியாது. ஒருத்தர் புஞ்சைக்காட்டில் பெய்யும், பக்கத்துக் காடு காய்ந்து கிடக்கும். அந்தத் தடவை கிழக்கே மட்டும் கொட்டியது. மறுநாள் காலையில் அத்தை வந்து நோட்டை மூடினார். "கண்மாய்க்குத் தண்ணி வந்துருக்காம். போயிப் பாக்காம இருந்தா ஆகாது. கெளம்பு" என்றார். அங்கே அப்படி ஒரு பழக்கம். புதுத்தண்ணீர் வந்தால் பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுக் குலவை போடுவார்கள். படிப்பு என்றெல்லாம் சாக்குச் சொல்ல முடியாது.

ஊருக்கு வெளியே இரண்டு கண்மாய்கள். மேற்கே பெரியது, கிழக்கே சின்னது. இரண்டுக்கும் நடுவில் சரிவில்லாமல் சமமாக வெட்டிய ஒரு வாய்க்கால். பெரிய கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாகச் சின்னக் கண்மாய்க்கு வரும். அதனால் அதற்குச் சின்னக் கண்மாய் வரத்துக்கால் என்றே பெயர். நாங்கள் போனபோது வரத்துக்காலில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மேற்கே பார்த்து ஓடியது. கிழக்கே பெய்த மழையில் சின்னக் கண்மாய் நிறைந்து, தண்ணீர் பெரிய கண்மாய்க்கு எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். "என்ன அத்த, தண்ணி மாத்திப் போகுது?"

"இந்த வருசம் கெழக்க இருந்து வருது" என்றார் அத்தை, பூவைப் பிய்த்துக்கொண்டே.

"அப்ப இது எந்தக் கண்மாய்க்கு வரத்துக்கால்?"

"சின்னக் கண்மாய் வரத்துக்கால்தான். இது உனக்குத் தெரியாதாக்கும்?"

"தண்ணி அங்கிட்டுல்ல போகுது!"

"போனா போகட்டும். அதுக்காக வாய்க்கால மூடிட்டு வேற வெட்டுவாகளா? கூறுகெட்டவளே, தள்ளு, பூ விடணும்."

அத்தை அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. நான் நின்ற இடம் பூ விடுவதற்கு இடைஞ்சலாக இருந்தது, அதுதான் அவருக்கு அப்போது விஷயம். எனக்குத்தான் அங்கிருந்து கால் நகரவில்லை. என் கண்முன்னே ஒரு மைனஸ் ஓடிக்கொண்டிருந்தது. நுரையும் சருகும் அத்தை விட்ட சாமந்திப் பூவும் அதில் மேற்கே போயின. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. குலவை போட்டார்கள். நானும் போட்டேன், எனக்கு வராது, இருந்தும் போட்டேன்.

பரீட்சை நாளன்று இரண்டாவது கேள்வியிலேயே மைனஸ் வந்தது. கை பேனாவைச் சாய்த்துப் பிடித்தது, குறுக்குக் கோடு போடத் தயாராக. நான் பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன். கெழக்க இருந்து வருது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த விடையின் கீழே, மைனஸையும் சேர்த்து, ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். மணி அடிக்கும் முன்பே எழுதி முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாஸ் என்று தெரிந்தபோது தை பிறந்திருந்தது. அப்பா, "எப்பிடி இந்தத் தடவை?" என்று கேட்டார். பிரிக்காமல் விட்டேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஊடை ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்தார். "சேலையில அப்பிடி விட்றாத" என்று சொல்லிவிட்டு நெய்ய ஆரம்பித்தார். படிப்பை நிறுத்துகிற பேச்சு அதோடு நின்றது.

இரண்டு நாள் கழித்து அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரைப் பார்த்ததும் என் சந்தோஷம் பாதியாகிவிட்டது. என்ன பேசுவதென்று தெரியாமல், வரத்துக்கால் கதையை உளறிக் கொட்டினேன். அம்பு, மைனஸ், தண்ணீர், அவர் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும். உங்களால்தான் பாஸானேன் அத்தை என்றேன்.

அத்தை வாயில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "அடிப்பாவி! இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கு உன்ன வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுல்ல போயிருப்பேன்!" என்றார். அப்பா தறிக்குழிக்குள்ளிருந்து சிரித்தார். அத்தையும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவருடைய பல வருட ஆசை அது, எனக்குத் தெரியாதா?

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அத்தை பையைத் திறந்தார். சீனிச்சேவுப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். அதன் அடியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்தார்.

"அத்தை, இது முகூர்த்தத்துக்குல்ல வச்சிருந்தீங்க" என்றேன்.

"உனக்குன்னு வச்சது. வேற யாருக்குக் குடுக்க?" என்று என் மடியில் வைத்தார். "காலேஜுக்குக் கட்டிட்டுப் போ."

ஆனியில் கல்லூரி திறந்து, மூன்றாம் வருடம் முதல் நாள் அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று பையன்கள் கேட்டார்கள்.