கல்லூரி என்றால் எந்தக் கல்லூரி

வேலைக்குச் சேர்ந்த முதல் இலையுதிர்காலத்தில் ஒரு பெரியவர் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். எழுபதைத் தாண்டிய வயது, நல்ல கம்பளிக் கோட்டு, பளபளக்கும் தோல் காலணி. முகத்தில் பாதிக்குச் சிவப்புச் சாயம், மீதிப் பாதிக்கு வெள்ளைச் சாயம். முகம் கழுவ வெந்நீர் எங்கே வரும் என்று மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் கேட்டார். கழிவறைக்கு வழி காட்டினேன். அவர் போன பிறகு, உடன் வேலை பார்க்கும் பெண் விளக்கம் சொன்னாள். அவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞராம். இங்கேதான் படித்தாராம். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிக் கால்பந்தாட்டத்துக்கு அணியின் நிறங்களைப் பூசிக்கொண்டு இப்படித்தான் வருவாராம். அந்தக் கால்பந்தைக் காலால் யாரும் அதிகம் தொடுவதில்லை என்பது வேறு விஷயம். நம் ஊரில் ஒரு சீனியர் வக்கீல் இந்தக் கோலத்தில் வந்து நின்றால் வீட்டுக்குத் தகவல் சொல்லி, மெதுவாகப் பேச்சுக் கொடுத்து, டாக்டரிடம் அழைத்துப் போயிருப்போம்.

கனடாவில், மொன்றியல் நகரத்தின் நடுவில் ஒரு மலை இருக்கிறது. எங்கள் மதுரைப் பக்கத்து யானைமலையைப் பார்த்தவர்கள் இதை மலை என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள். மலையின் தெற்குச் சரிவில் ஆங்கிலப் பல்கலைக்கழகம், மறுபக்கச் சரிவில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பங்காளிகளைப் போல இரண்டும் இருக்கின்றன. தெற்குச் சரிவின் விளையாட்டரங்கத்தில் சாவியும் துண்டும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. மதுரையில் சட்டம் படித்து, மாவட்ட நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் ஜூனியராக ஓடிய கால்கள் இங்கே ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தன. அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் நிற்க முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளின் மனநிலையிலேயே இருந்தேன்.

நானும் கல்லூரி விளையாட்டுக்காரிதான். பூப்பந்து. ஐந்து பேர் ஒரு பக்கம், மஞ்சள் கம்பளிப் பந்து, வெயிலில் வெடித்த செம்மண் தரை. இங்கே யாரிடம் சொன்னாலும் பாட்மின்டனா என்று கேட்டுவிட்டு இறகுப்பந்தைக் கையால் வரைந்து காட்டுவார்கள். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த பெண்களும், தண்ணீர்க் குடத்துக்குக் காவலிருந்த மாணவியும் மட்டுமே. மாவட்ட அளவில் ஜெயித்து வந்தால், சான்றிதழில் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்றுதான் அப்பா முதலில் பார்ப்பார். அந்தச் சான்றிதழ்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தது. நமக்குக் கல்லூரி இடம் என்றாலே அது வழக்கும் சட்டமும் கலந்த சங்கதி. குடியரசு பிறந்த சூடு ஆறுவதற்குள் மருத்துவக் கல்லூரி இடத்துக்காகச் சென்னையில் தொடுத்த வழக்கு, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வரை கொண்டுபோய் விட்டது. அதைப் படித்த நாளில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு சீட்டுக்காக ஒரு நாட்டின் சட்டத்தையே திருத்த வைத்தவர்கள் நாம்.

இந்த மாகாணத்துக்கும் அப்படி ஒரு சட்டம் உண்டு. எழுபதுகளில் வந்த பிரெஞ்சு மொழிச் சட்டம். வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். கடைப் பெயர்ப்பலகையில் பிரெஞ்சு மற்ற மொழிகளைவிடத் தூக்கலாகத் தெரிய வேண்டும். எங்கள் மகள் கயல்விழி முதல் வகுப்பில் சேர்ந்த நாளிலேயே கயால் ஆகிவிட்டாள். சாஃப்ட்வேர் வேலைக்காக எங்களை இங்கே கூட்டி வந்த என் கணவர் சரவணன், இது என்ன அநியாயம் என்று குதித்தார். என்னால் அவரோடு சேர்ந்து குதிக்க முடியவில்லை. மாணவர்கள் மொழிக்காக வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கிய மாநிலத்திலிருந்து வந்தவள் நான். என் சித்தப்பா அந்தக் கூட்டத்தில் நின்று தடியடி வாங்கியவர். சுற்றிலும் பெரிய மொழி சூழ்ந்திருக்க, தன் மொழி கரைந்துவிடுமோ என்று அஞ்சுகிறவனின் கலக்கம் எனக்கு அந்நியமில்லை. ஆனால் அதே கலக்கம் சட்டமாகி என் வீட்டுக்குள் வந்து, என் மகளை எனக்குப் புரியாத மொழியில் கனவு காண வைத்தபோது, நியாயம் தெரிந்தும் கோபம் வந்தது. எந்தப் பக்கம் நின்று வாதாடுவது என்று தெரியாத வக்கீலாக இருந்தேன்.

வாதாட இங்கே எனக்கு உரிமையும் இல்லை. ஆங்கிலேயர் இந்த நாட்டைப் பிடித்த பிறகும் சொத்து, குடும்பம் போன்றவற்றுக்குப் பழைய பிரெஞ்சுச் சட்டமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த மாகாணத்தில் மட்டும் அந்த மரபுதான். நான் படித்த சட்டம் ஆங்கிலேய மரபு. புதுச்சேரியில் சில குடும்பங்களுக்கு இன்னும் பிரெஞ்சுச் சிவில் சட்டம் பொருந்தும் என்று ஒரு மதிய வகுப்பில் நடத்தினார்கள். நான் தூங்கிவிட்டேன். அன்று விழித்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும், அதுவும் பிரெஞ்சில் என்றார்கள். பக்கத்து மாகாணத்தில் டொராண்டோ போனால் அங்கே நம் ஊர் மரபுதான், சில தேர்வுகளை எழுதினால் மறுபடி கருப்பு அங்கி போடலாம். அதனால் டொராண்டோ என்ற பேச்சு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாயைப் போல எப்போதும் இருந்தது.

பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே தவமக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடையில் வேலை. பழகிய புதிதில், கல்லூரியில் வலைப்பந்து விளையாடியதைப் பற்றிச் சொன்னார். "கல்லூரியில நான் நல்ல கெட்டிக்காரி, தங்கச்சி. கம்பஸ்தான் கிடைக்கேல்லை" என்றார். நான் உடனே ஆறுதல் சொன்னேன். எனக்கும்தான் கேம்பஸ் கிடைக்கவில்லை, லா காலேஜுக்கெல்லாம் யார் வருகிறார்கள், என் வீட்டுக்காரருக்குக்கூட மூன்றாவது கம்பெனியில்தான் கிடைத்தது என்றேன். தவமக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு பல மாதங்கள் நான் அவரைப் பட்டதாரி என்றே நினைத்து, டிகிரி சான்றிதழை இங்கே மதிப்பீடு செய்து பாருங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவரோ, ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போய், எப்படியோ சமாளித்து வந்த குடும்பம் என்று எங்கள் மேல் இரக்கம் கொண்டிருந்தார்.

உண்மை ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம். நான் நினைத்ததைப் போல வேலைக்கு ஆளெடுக்கும் நேர்காணல் இல்லை. எழுபதுகளில் தரப்படுத்தல் என்ற பெயரில், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் வேண்டும் என்று பல்கலைக்கழக நுழைவு முறையை இலங்கை அரசு மாற்றியபோது கதவு சாத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். "மார்க்ஸ் இருந்தது, தங்கச்சி. சட்டம் விடேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். ஒரே தமிழில் பேசிக்கொண்டிருந்தோம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தோம். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பு முதலில் நின்றது.

இந்த ஊருக்கு மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். பிறகு சேஜெப் என்ற இரண்டாண்டுக் கல்லூரி, அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம். பிள்ளைகளைப் பிரெஞ்சோடு கட்டிப்போட்ட சட்டம் சேஜெப் வாசலில் கயிற்றை அவிழ்த்துவிடும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சேரலாம். அந்த நாளுக்காகவே காத்திருந்தேன். கயல் ஆங்கிலத்துக்குத் தாண்டுவாள், பட்டம் வாங்குவாள், மூன்று பேரும் டொராண்டோ போவோம், நான் அங்கி போடுவேன். இதில் ஓர் இடத்தில்கூட அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் பிரெஞ்சு சேஜெப்பில் சேர்ந்தாள். அங்கே வாலிபால் அணி நன்றாக இருக்கிறது என்றாள். விளையாட்டுக்காகத்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டாண்டு கழித்து, மலைக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் த்ருவா படிக்கப் போவதாகச் சொன்னாள். அந்தச் சொல் எனக்குத் தெருவில் வழி கேட்கும்போது மட்டும்தான் பழக்கம், நேராகப் போ என்பதற்கு. சட்டத்துக்கும் அதே சொல்தான் என்று சரவணன் எடுத்துச் சொன்னார். என் மகள் வக்கீலாகப் போகிறாள். அதுவும் நான் தூங்கிய வகுப்பின் சட்டத்தைப் படித்து. டொராண்டோவில் வேலை செய்ய வேண்டுமென்றால் இன்னொரு பட்டம் வேண்டும், அதை இவள் தேடிப் போகப் போவதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

தவமக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். நியாயம் கேட்டுப் போனால் அவர் தீர்ப்பை எனக்கு எதிராக எழுதினார். "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது. பேந்தென்ன கதை?" என்றார். அப்புறம் என்ன பேச்சு என்று, கம்பஸ் கிடைக்காத அவரே கேட்ட பிறகு வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அந்த ஆண்டே சரவணனுக்கு டொராண்டோவில் வேலை கிடைத்து, அவர் முன்னால் போனார். பெண் தனியாக இருப்பாளே என்று நான் பின்தங்கினேன். அவர் வாரக்கடைசியில் பஸ்ஸில் வருவார். கயல் பல்கலைக்கழகம், வாலிபால் பயிற்சி என்று வெளியிலேயே இருப்பாள். யாருக்காக நான் காவலிருக்கிறேனோ அவள் இல்லாத வீட்டில் டொராண்டோ வக்கீல் தேர்வுப் புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், மூடாமல் அறைக்கு அறை நடந்தேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் அவளுடைய அணி எங்கள் விளையாட்டரங்கத்துக்கு ஆட வந்தது. வெளி அணிக்கான உடைமாற்றும் அறைச் சாவியை வாங்க, புதியவள் என்பதால் கயலைத்தான் அனுப்பினார்கள். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் சாவி தர வேண்டும் என்பது விதி. பின்னால் அவள் தோழிகள் நின்றார்கள். நான் விதிப்படி பிரெஞ்சில் கேட்டேன், அவள் விதிப்படி நீட்டினாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். சாவி வளையத்தில் விசிட்டர்ஸ் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது.

உடன் வேலை பார்க்கும் பெண்ணிடம் கவுண்டரை ஒப்படைத்துவிட்டு, ஆட்டக்களத்தின் கதவருகே நின்று பார்த்தேன். ஒரு பக்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் கூட்டம், அவர்கள் போட்டிருந்த அதே சிவப்பு என் சட்டையிலும். இன்னொரு பக்கம் நீலத்தில் ஒரு சிறு கூட்டம், என் மகளின் பெயரை எனக்கு இன்னும் பழகாத உச்சரிப்பில் கத்தியது. கயல் சர்வீஸ் போடும்போது நாக்கை உதட்டோரம் மடித்துக்கொண்டாள். நானும் பூப்பந்து ஆடும்போது அப்படித்தான் செய்வேன் என்று அணித் தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். கை தட்ட வேண்டும் போலிருந்தது. சீருடையில் நின்றுகொண்டு எதிரணிக்குத் தட்டலாமா என்று யோசித்தேன். அதற்குள் அந்தப் புள்ளி முடிந்துவிட்டது.

ஆட்டம் முடிந்து, நெற்றியில் ஈர முடி ஒட்டியிருக்க, அவள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "நாங்க ஜெயிச்சிட்டோம்மா" என்றாள். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம, சேர்க்காவிட்டால் நாங்க. பிரெஞ்சில் வளர்ந்த பிள்ளைக்கு ழகரம் வராது, வேற்றுமை உருபு தகராறு செய்யும். ஆனால் இந்த இடத்தில் மட்டும் அவள் தமிழ் கொஞ்சமும் தப்பவில்லை. பாழாய்ப்போன வாய் எனக்கு. வாழ்த்துச் சொல்வதற்குப் பதிலாக, படிப்பு முடிந்ததும் டொராண்டோவில் அந்த இன்னொரு பட்டத்தைப் பற்றி யோசிக்கலாமே என்று மறுபடி ஆரம்பித்தேன்.

அவள் கோபப்படவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் இன்னைக்கு மட்டுந்தாம்மா விசிட்டர். நீங்க வந்த நாள்லேர்ந்து விசிட்டராவே இருக்கீங்க. எனக்காக இருக்காதீங்க. டொராண்டோ போய்க் கருப்புக் கோட்டு போடுங்க."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். என்னைப் போகச் சொல்கிறாளே என்று வலித்தது, போகலாம் என்று ஒருத்தியாவது சொன்னாளே என்று நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று காலை ஜிப் அறுந்து ஊக்கு குத்தி, நாற்காலியில் மாட்டி வைத்திருந்த என் குளிர்கோட்டை அவள் பார்த்துவிட்டாள். என்னைக் கோட்டைப் போட வைத்து, தன் அணியின் நீல ஜாக்கெட்டைக் கழற்றி அதன் மேலேயே மாட்டி, கழுத்துவரை இழுத்துப் பூட்டினாள். எங்களுக்குத் தனி பஸ் இருக்கிறது, எனக்குக் குளிராது என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு ஓடினாள்.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். காற்று முகத்தைக் கீறியது. கைவண்டியில் மளிகைப் பையோடு ஒரு வயதான பிரெஞ்சுக்கார அம்மாள் நின்றிருந்தார். என் ஜாக்கெட்டின் நெஞ்சிலிருந்த எழுத்துகளைப் படித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். இந்த ஊரில் என்னிடம் அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான், எந்த நாடு. அதற்குப் பதிலைத் தயாராக நாக்கில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஒன் ஆ கான்யே?" என்றார் அவர்.

நாம் ஜெயித்தோமா என்று கேட்கிறார். நாங்கள் இல்லை, நாம். டொராண்டோவுக்கு எப்போது கிளம்புவது என்று அன்று மாலை சரவணனுக்குப் போன் செய்து சொல்வதாக மனதுக்குள் முடிவு செய்திருந்த நேரம் அது. ஜாக்கெட்டுக்குள் கோட்டும், கோட்டுக்குள் தோற்ற அணியின் சிவப்புச் சட்டையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"வுய், மதாம்," என்றேன், "ஒன் ஆ கான்யே."