கார்டை மெதுவாகக் காட்டுங்கள்

போன வாரம், துபாயில் கராமா பஸ் ஸ்டாப். சாயங்காலம் ஐந்து மணி. நானும் ஸ்டெல்லாவும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். ஸ்டெல்லா எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி. குளச்சல்காரர், நர்ஸ்.

இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் மாஸ்க்... ஒரு ஆசாமி வந்தார். "சி.ஐ.டி." என்றார். பர்ஸைத் திறந்து ஒரு கார்டைக் காட்டினார் – நான் கண்ணாடியைச் சரி செய்வதற்குள் மூடிவிட்டார்.

"ஐ.டி., மொபைல். ஜல்தி."

நான் என்ன செய்தேன்? இரண்டையும் கொடுத்துவிட்டேன். கூடவே ஆபீஸ் அட்டையையும். அதை அவர் கேட்கவே இல்லை.

ஸ்டெல்லா ஹேண்ட்பேக்கைத் திறக்கவில்லை. தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: "உங்க கார்டைத் திரும்பக் காட்டுங்க. பேரை வாசிக்கணும்."

"காட்டியாச்சு மேடம்."

"வேகமா காட்டினீங்க. நான் மெதுவாத்தான் வாசிப்பேன்."

ஆசாமியின் குரல் உயர்ந்தது. விசா கேன்சல் ஆகும் என்றார். கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஸ்டெல்லாவின் விசாவில்தான் இங்கே இருக்கிறார்கள். ஸ்டெல்லா போனை எடுத்து, போலீஸ் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

ஆசாமி என் பொருட்களை பெஞ்சில் வைத்துவிட்டுக் கிளம்பினார். ஓடவில்லை, நடந்தார்.

போலீஸ் வரும்வரை ஏதாவது பேச வேண்டுமே? அன்று காலை படித்த செய்தியைச் சொன்னேன். அமெரிக்காவில் போராட்டங்களை அடக்க வரும் மத்திய அரசு அதிகாரிகள் சிலர் முகத்தை மூடிக்கொண்டு, பெயர் இல்லாமல் வருகிறார்களாம். பெயர்ப் பட்டை கட்டாயம் என்று ஒரு கட்சி. பெயர் தெரிந்தால் அவர்கள் குடும்பத்துக்கு ஆபத்து என்று இன்னொரு கட்சி.

"அந்தப் பயம் நியாயம்தானே?" என்றேன்.

"நியாயம்தான் அண்ணே. எமர்ஜென்சி வார்டுல எனக்கும் அடி விழுந்திருக்கு. அடிச்ச ஆளுக்கு என் பேரு தெரியும் – பேட்ஜ நெஞ்சுல குத்தியிருக்கேன்லா. பேரில்லாம ஊசி போட வந்தா நீங்க கைய நீட்டுவீங்களா?"

நீட்டுவேன். அதுதான் பிரச்னை.

போலீஸ் வந்தது. யூனிஃபார்ம், நெஞ்சில் பெயர். இருந்தும் அந்த அதிகாரி தன் கார்டை எடுத்து ஸ்டெல்லா முன் நீட்டி, அவர் வாசித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாக வாசித்ததற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. கலவரமோ, பஸ் ஸ்டாப்போ... அதிகாரம் நிஜமாக இருந்தால் பெயர் சொல்ல அரை நிமிடம் போதும்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ஆள் காட்டிய கார்டைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"என்ன எழுதியிருந்தது?"

"வாசிக்கவில்லை. ஒரு போட்டோ இருந்தது."

"யார் போட்டோ?"

நான் கண்ணாடியைச் சரி செய்துகொண்டேன். அவர் தன் நோட்டில் என்னைப் பற்றி ஏதோ ஒரு வரி எழுதிக்கொண்டார்.

என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டெல்லா கேட்டார்.