கொண்டப்பள்ளி என்று நான் சொன்ன பொம்மை

நான் பொய் சொன்னேன். ஒரு பெண்ணுக்கு அவளுடையதல்லாத ஓர் ஊரைச் சொந்த ஊர் என்று காட்டி அனுப்பினேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்தேதான் சொன்னேன்!

உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் என்னை அறியாதவர். அறிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு அறைகள் மூன்றிலும் பொம்மைகள்தாம். கொலுவுக்காக வாங்கத் தொடங்கியது பைத்தியமாகவே முற்றிவிட்டது. யாராவது ஒரு படம் அனுப்பினால் போதும்... "இது பண்ருட்டி மண், இது தஞ்சாவூர்" என்று நொடியில் சொல்வேன். எனக்குத் தெரியாத பொம்மையே இல்லை என்று ஊர் சொன்னது. நானும் நம்பினேன். அந்தத் தலைக்கனம்தான் எல்லாவற்றுக்கும் மூலம்.

ஈராண்டுகளுக்கு முன்பு ஸ்டெல்லா வந்தாள். கீரப்பாளையத்தில் ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை பார்ப்பவள். முப்பது ஆண்டுகளுக்கு முன் சிதம்பரம் ரயில் நிலையத்தில் தனியாக அழுதுகொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தை அவள். ஒரு நர்ஸ் தத்தெடுத்து வளர்த்தார். அந்த வளர்ப்புத் தாயும் இறந்த பிறகு, பெற்றவளைத் தேடும் எண்ணம் வந்திருக்கிறது. குழந்தையாகக் கிடைத்தபோது கையில் இருந்த மரப்பொம்மையை என் மேசைமேல் வைத்தாள்.

"நான் எங்கேருந்து வந்தேன்னு எனக்குத் தெரியாது மேடம். இதுக்குத் தெரியும். நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

ஒரு சாண் உயரம். கைகள் இல்லை. காதுவரை நீண்ட கண்கள், மார்பில் ஒரு மீன். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை! "விட்டுட்டுப் போம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை.

ஒரு மாதம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் நவராத்திரி வந்தது. இந்த அபூர்வத்தைக் கொலுவில் வைத்துப் பெருமையடித்துக்கொள்ள ஆசை... பழைய பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது வழக்கந்தானே? இதற்கும் பூசினேன். படியில் நிற்காமல் ஆடியது என்று அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். அழுக்கு விலகியதும் சில எழுத்துகள் தெரிந்தன. 'ஐயோ' என்று கையை எடுப்பதற்குள் பாதி போய்விட்டது. மீதியை வைத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. அதையும் நானே தேய்த்துவிட்டேன்! ஏன்? அரைகுறையாக இருந்தால் என் குற்றம் தெரியும் அல்லவா?

கொலுவின் மூன்றாம் நாள் அவள் வந்தாள். பத்துப் பெண்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சுதா மேடம்?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொண்டப்பள்ளி. ஆந்திராவுல மரப்பொம்மைக்குப் பேர்போன ஊர். மரத்தோட எடையைப் பார்த்தாலே சொல்லிடலாம்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நான் மட்டுமென்றால் பரவாயில்லையே! அவள் அழுதாள். புது வர்ணத்தைக்கூடக் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் அவளுக்கு 'அக்கா' ஆனேன்.

பொம்மையை எடுத்துக்கொண்டு கணவனோடு கொண்டப்பள்ளி போய்வந்து சொன்னாள்: "பொம்மை செய்யறவங்க, இது எங்க வேலை இல்லன்னுட்டாங்க அக்கா."

அதுதான் எனக்குக் கிடைத்த வாசல். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய ஆளுங்க வேலைம்மா அது. இப்ப இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? மறுபடியும் போய்க் கேளு."

போனாள். நான்கு முறை போனாள். நான்காம் முறை, பெண்குழந்தையைத் தொலைத்த ஒரு தாயை அங்கே கண்டுபிடித்தாள். பாஷை புரியாமலே இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்களாம். பிறகு டி.என்.ஏ. சோதனை... ஒட்டவில்லை. ஒரு முறை மகளைத் தொலைத்த கிழவியிடமிருந்து இரண்டாம் முறை பறித்தது நான்.

போன மாதம், தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்த என் பழைய போனைக் கடைக்காரர் ஒருவர் உயிர்ப்பித்துக் கொடுத்தார். உள்ளே அந்தப் பொம்மையின் படங்கள். வந்த அன்றே எல்லாப் பக்கமும் எடுத்திருக்கிறேன். எடுத்த நினைவே இல்லை! அடிப்பாகத்தில் அழுக்கினூடே அன்று கீறல் என்று எண்ணியதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் தலைக்குமேல் குடை பிடித்ததுபோல் வளைந்திருந்தது. புதுப் போனிலிருந்த மொழிபெயர்ப்புச் செயலி சொல்லிவிட்டது: ஒடியா மொழி. ஓர் ஊரின் பெயர். அதன் கீழே ஒரு மனிதனின் பெயர்.

உடனே ஸ்டெல்லாவை அழைத்தேன். சொல்லிவிடுவது என்றுதான் அழைத்தேன், நம்புங்கள். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, தேடறத நிறுத்திட்டேன். அந்த ஆந்திரா அம்மாவையே கூட்டியாந்து வச்சிக்கப் போறேன். ரத்தம் ஒட்டலன்னா என்ன? அவுங்களுக்கும் யாருமில்ல. நீங்க சொன்ன ஊர்லதான் எனக்கு அம்மா கெடச்சிருக்காங்க!"

"சந்தோஷம்மா" என்றேன்.

உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அவளுக்காக அல்ல. இனி சொல்ல வேண்டாம் என்பதற்காக! திருவந்திபுரம் பெருமாளுக்கு ஆயிரம் முறை மொட்டை போட்டாலும் அந்த ஒரு நொடிச் சந்தோஷம் என்னை விட்டுப் போகாது.

அந்த ஒடிசா ஊரில் பெற்றவள் இன்னும் உயிரோடு இருக்கிறாளா? ரயில் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளா? கேட்டுப் பார்க்க ஒரு நாள் போதும். நான் கேட்கவில்லை.

நேற்றுக் காலை ஸ்டெல்லா அந்தக் கிழவியை என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். "இவுங்களாலதாம்மா நாம சேந்தோம்" என்று கையைக் காட்டி விளங்கவைத்தாள். கிழவி என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.